பல்லுக்கு மை

"கொஞ்சம் பெரிய இடத்து ஆளா ஆக்கிக் கொடுங்கம்மா" என்று மொச்சிஹரு அந்தத் தலையை என் முன்னால் வைத்தார். மொச்சிஹரு எங்கள் இவாதா பிரபுவின் மூத்த பிள்ளை, வயது பதினாறு.

என்னை 'அம்மா' என்று அழைத்தது அன்றுதான் முதல் தடவை. அதுவரை 'ஏய்'.

போரில் வெட்டிய தலைகளைக் கழுவி, சீவி, பிரபுவின் பார்வைக்குத் தயார் செய்வது முகாம் பெண்களான எங்கள் வேலை. அன்று மதியத்துக்குள் நாற்பத்தொரு தலை வந்திருந்தது.

தலைக்கும் தரம் உண்டு. பெரிய குடும்பத்து ஆண்கள் பல்லைக் கறுப்பாக்கிக்கொள்வார்கள். புளித்த அரிசிச் சாராயத்தில் இரும்பை ஊறவைத்து எடுத்த மை. வெள்ளைப் பல் என்றால் கூலிச் சிப்பாய், வெட்டியவனுக்கு ஒரு தலையாட்டல். கறுப்புப் பல் என்றால் வெட்டியவனுக்கு வாழ்வு. அதனால் வெட்டியவர்கள் வந்து என் காதைக் கடிப்பதும், வெள்ளையாக வந்த பல் என் கையில் கறுப்பதும் நடக்கிற காரியம்தான்.

என் அப்பா துறைமுகத்தில் மீன் விற்றவர். நேற்றைய மீனின் செவுளில் சிவப்பு தடவுவார். நான் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடித்துவிடவில்லை.

முதல் போரில் தலை இல்லாமல் திரும்பினால் மொட்டையடித்துத் துறவியாக மலைக்கோயிலுக்கு அனுப்பிவிட்டு, தம்பியை வாரிசாக்குவேன் என்று மொச்சிஹருவிடம் பிரபு எல்லார் முன்பும் சொல்லியிருந்தார். சொன்னால் செய்கிறவர். தன் சொந்த அண்ணனை அப்படி அனுப்பித்தான் பிரபுவே ஆனார்.

மொச்சிஹரு கொண்டுவந்த தலையை எனக்குத் தெரியும். காலையில் எங்கள் அடுப்புக்கு விறகு போட்டவன். திரும்பும் வழியில் யாரோ விட்ட அம்பு பட்டு வாய்க்காலில் விழுந்தான்.

 

முகத்துக்கு மாவு தடவினேன். பெரிய இடத்து வழக்கப்படி புருவத்தை மழித்து, நெற்றியில் ஒரு விரல்கடை மேலே புதிதாக எழுதினேன். பல்லுக்கு இரண்டு பூச்சு. விறகு போட்டவன் கனவானாகிவிட்டான். உயிரோடு இருந்தபோது அவனுக்கு யாரும் இவ்வளவு செய்ததில்லை.

பலகையோடு கொண்டுபோய்ப் பிரபுவின் முன்னால் வைத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்தேன்.

"யார் தலை இது?"

"பேர் சொல்லலைங்க அப்பா" என்றார் மொச்சிஹரு. அதில் பொய் எதுவும் இல்லை.

அடையாளம் காட்டக் கைதிகள் இரண்டு பேரை ஒரே கயிற்றில் கட்டி இழுத்து வந்தார்கள். ஒருவர் செந்தா, எதிரி சகாமி வீட்டின் பழைய ஊழியர், அறுபது வயது. மற்றவன் செருப்புத் தூக்கி, உடம்பெல்லாம் சேறு. காலையிலிருந்து சோற்று உருண்டை நீட்டியும் வாய் திறக்கவில்லையாம். "ஊமைப் பயல்" என்றான் காவலாளி.

செந்தா தலையைப் பார்த்தார். பிறகு மொச்சிஹருவின் கழுத்தில் வழிந்த வியர்வையைப் பார்த்தார். பிறகு மை படிந்த என் விரல்களை. கடைக்கு வந்தவனை என் அப்பா எடைபோடும் பார்வை அது.

திடீரென்று தரையில் விழுந்தார்.

"ஐயோ, எங்க சின்ன எசமான்! தெருஹிசா ஐயா!"

தெருஹிசா என்றால் சகாமி பிரபுவின் ஒரே மகன். காடு முழுக்க எண்ணூறு பேர் அவரைத்தான் தேடிக்கொண்டிருந்தார்கள்.

மொச்சிஹருவின் வாய் ஒருமுறை திறந்து மூடியது. என் வாயும்தான்.

கட்டிய கைகள் இரண்டையும் சேர்த்துச் செந்தா பக்கத்தில் நின்ற செருப்புத் தூக்கியை ஓங்கி அறைந்தார். "அழுடா நாயே! செத்துக் கிடக்கறது யாருன்னு பாருடா!"

அறை வாங்கியும் அவன் வாயைத் திறக்கவில்லை. கண்ணீர் மட்டும் வழிந்தது. கிழவரின் கைதான் அதற்குப் பிறகு நடுக்கம் நிற்காமல் ஆடியது. வயசு என்று நினைத்துக்கொண்டேன்.

பிரபு எழுந்து வந்து மொச்சிஹருவின் தோளில் கை வைத்தார். "என் வாரிசு" என்றார். தேடப் போனவர்களைத் திரும்ப அழைக்கச் சங்கு ஊதினார்கள்.

பெரிய வீட்டுப் பிள்ளையின் தலையை அவனைப் பெற்ற தாயிடம் சேர்ப்பது மரியாதை. கிழவரை வைத்துக்கொண்டு, சுமக்க ஊமையை அனுப்பலாம் என்று முடிவானது. யோசனை சொன்னவர் செந்தாதான்.

தலையைப் பெட்டியில் வைத்து, வெள்ளைத் துணியில் சுற்றி, அவன் கழுத்தில் மாட்டிவிட்டேன்.

"பத்திரமாப் பிடிடா. கவுத்துப் போட்டேன்னா நான் சீவினதெல்லாம் வீணாப் போயிடும்."

அவன் பெட்டியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். நன்றி சொல்லத்தான் வாயைத் திறந்திருக்க வேண்டும்.

என் பூச்சைவிட நல்ல பூச்சு. வருஷக்கணக்கில் விடாமல் போட்டால்தான் பல்லில் அந்தக் கறுப்பு நிற்கும்.

கத்தலாம். கத்தினால் மூன்று தலை உருளும், ஒரு தலைக்கு மொட்டை விழும். மூன்றில் ஒன்று என்னுடையது.

குனிந்து முடிச்சை இறுக்கினேன்.

"ஆத்தைத் தாண்டுற வரைக்கும் வாயைத் திறக்காதீங்க, ஐயா."

வாயை மூடிக்கொண்டார். தன் தலையைத் தானே சுமந்துகொண்டு ஆற்றை நோக்கி நடந்தார்.