துக்க வீட்டுக் கிறிஸ்துமஸ்

"அழுகாதக்கா. நல்ல நாளும் அதுவுமா நீ இப்படி மூலையில உக்காந்திருந்தா, போன தம்பிக்குத்தான் நிம்மதியா இருக்குமா?"

சொல்லிக்கொண்டே ராக்கம்மாள் கையிலிருந்த பொட்டலத்தைப் பிரித்தாள். உள்ளே ஒரு தலையணை உறை. சின்னாளப்பட்டியில் அவள் பிறந்த வீட்டில் மிஞ்சிக் கிடந்த சுங்குடித் துண்டுகளை ஒட்டுப்போட்டுத் தைத்தது. சிவப்புக்குப் பக்கத்தில் பச்சை, பச்சைக்குப் பக்கத்தில் மஞ்சள்.

"கடையில வாங்க நமக்கு ஏது வசதி? நானே தச்சேன். கோணல்மாணலா இருந்தா கண்டுக்காத."

"எனக்கு எதுக்குடி இம்புட்டும்?" இஞ்ஞாசியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

நாகல் நகரில் அந்தச் சந்துக்குள் கிறிஸ்தவ வேதக்கார வீடு அவளுடையது ஒன்றுதான். புருஷன் போய்ச் சேர்ந்து வெகுகாலம். பிள்ளை கிடையாது. ஒரே தம்பி சவரிமுத்து, மீசை முளைக்கிற வயசில் கப்பலேறிக் கண்டித் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவன். கார்த்திகை மாசம் ஒருநாள், குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு இஞ்ஞாசியம்மாள் விம்மி விம்மி அழுதாள். கண்டியிலிருந்து திரும்பின, எரியோடு ஊர்க்காரர் ஒருத்தர் வந்தாராம். தம்பி காய்ச்சலில் செத்துப்போனான் என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

துக்கம் விழுந்த வீட்டில் அந்த வருஷம் பண்டிகைக்கு எண்ணெய்ச் சட்டி ஏற்றக் கூடாது. அக்கம்பக்கத்தார்தான் பலகாரம் கொண்டுபோய்க் கொடுத்து, கொஞ்ச நேரம் கூட உட்கார்ந்துவிட்டு வர வேண்டும். கும்பிடுகிற சாமி வேறாக இருந்தாலும் அந்தச் சந்தில் எல்லாருக்கும் அதுதான் வழக்கம்.

போன வருஷம் வரைக்கும் இஞ்ஞாசியம்மாள்தான் பூசை முடிந்து வந்து, முறுக்கை இலையில் மடித்து வீடு வீடாகக் கொடுப்பாள். எல்லாரும் வாசலில் நின்று வாங்கிக்கொள்வார்கள். அப்புறம் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு ஆளுக்கு மட்டும் சோறு வடித்துச் சாப்பிடுவாள். பாவம், பண்டிகை அதோடு முடிந்துவிடும்.

இந்தத் தடவை அடுத்த வீட்டு ஜோதிமணியும் வந்துவிட்டாள். ஒரு தட்டு அதிரசம், கூடவே ஓரத்துக்குச் சிவப்புத் துணி வைத்துத் தைத்த பனையோலை விசிறி.

"ஏண்டி, மார்கழிக் குளிர்ல விசிறியா?" ராக்கம்மாள் மடக்கினாள்.

"அடுப்பு விசிறட்டும். எனக்குத் தெரிஞ்ச கைவேலை அது ஒண்ணுதான்."

வாசலில் செருமல் சத்தம். எதிர்வீட்டுப் பீர் முகமது. "தங்கச்சி, உள்ளே வரலாமா?"

"வாங்கண்ணே, வாங்க!" இஞ்ஞாசியம்மாள் அவசரமாகப் பாயை உதறி விரித்தாள்.

அவர் கையில் மூங்கில் சிம்பும் காத்தாடித் தாளும் வைத்துக் கட்டின நட்சத்திரம், உள்ளங்கை அகலத்தில். "துக்க வீட்டு வாசல்ல தொங்கவிடக் கூடாதுன்னாங்க. அதான் உள்ளே மாதா படத்துக்குக் கீழ வைக்கிற அளவுல கட்டினேன்."

"பாய், இதுல ஆறு மூலை இருக்கு!" என்றாள் ஜோதிமணி.

"எண்ணாமக் கட்டிட்டேன் ஆத்தா. ஒண்ணு கூடிப்போனா வெளிச்சம் குறைஞ்சா போகும்?"

ராக்கம்மாள் குபீரென்று சிரித்துவிட்டாள். துக்க வீடு நினைவுக்கு வந்ததும் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சிரிங்கடி," என்றாள் இஞ்ஞாசியம்மாள். "இந்த வீட்டுல சிரிப்புச் சத்தம் கேட்டு எம்புட்டு நாளாச்சு."

கருப்பட்டிக் காப்பி வந்தது. பேச்சு எங்கெங்கோ போனது. வெயில் இறங்கத் தொடங்கியதும் மூவரும் எழுந்தார்கள்.

"அதுக்குள்ள என்ன அவசரம்? இன்னொரு வாய் காப்பி போடுறேன்."

"இப்பத்தானக்கா குடிச்சோம்! உலை வைக்கணும். சரி, வாரே..." ஜோதிமணி நாக்கைக் கடித்துக்கொண்டாள். துக்க வீட்டிலிருந்து கிளம்பும்போது 'வாரேன்' என்று சொல்லக் கூடாது.

"வாரேன்னே சொல்லிட்டுப் போடி," இஞ்ஞாசியம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அடுத்த வருஷமும் நீ வந்தா, நான் வேணாம்னா சொல்லப்போறேன்?"

அப்போது வாசலில் ஒரு ஆள் வந்து நின்றான். சட்டையெல்லாம் புழுதி. தோளில் தகரப்பெட்டி.

"இஞ்ஞாசியம்மா வீடு இதுதானே?"

"ஆமா. நீ யாரு அப்பு?" என்றார் பீர் முகமது.

"அவங்க தம்பிங்க. சவரிமுத்து. கண்டியிலேருந்து வாரேன்."

ஜோதிமணி வீலென்று கத்திக்கொண்டு ராக்கம்மாளைக் கட்டிக்கொண்டாள். சவரிமுத்து யாரையும் பார்க்கவில்லை. நேரே வந்து அக்காவின் காலடியில் உட்கார்ந்தான்.

"இத்தனை வருஷமா ஒரு சேதிகூடச் சொல்லி விடாம இருந்துட்டேன்க்கா. மறந்திருப்பியோன்னு பயந்துக்கிட்டே வந்தேன்."

இஞ்ஞாசியம்மாள் அவன் முகத்தை இரண்டு கையாலும் தடவித் தடவிப் பார்த்தாள்.

ராக்கம்மாளுக்குச் சந்தோஷத்தில் அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "அக்கா! தம்பி உசுரோட இருக்காருக்கா! அந்த எரியோட்டுக்காரன் வாய் அழுகிப்போக! உசுரோட இருக்கிற மனுசனைச் சாகடிச்சுட்டுப் போயிருக்கானே! அவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும்..."

இஞ்ஞாசியம்மாள் மூன்று பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

"அந்த மனுசனைத் திட்டாத ராக்கு. அப்படி ஒருத்தர் வரவே இல்லை."