தாழ்ப்பாளின் உயரம்

துணி அலமாரியின் முதுகைத் தட்டிப் பார்த்த இன்ஜினியர் அப்படியே நின்றுவிட்டார்.

"என்ன சார்?" என்றான் வீடு வாங்க வந்தவன்.

"சத்தம் சரியில்லை. இதுக்குப் பின்னாடி சுவரே இல்லை."

தொங்கிய நாலு சட்டைகளை ஒதுக்கினார். அங்கே ஒரு கதவு. தள்ளியதும் திறந்துகொண்டது. அந்தப் பக்கமும் ஓர் அலமாரி. அதில் வரிசையாகப் பெண்கள் துணி. துணிகளுக்கு நடுவே பக்கத்து வீட்டுப் படுக்கையறை தெரிந்தது; அதில் ஓர் இளம்பெண் உட்கார்ந்திருந்தாள்.

அவள் வெலவெலத்துப்போய் எழுந்து வந்து கதவைச் சாத்தினாள்.

வாங்க வந்தவனின் மனைவி கணவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"பெண்டாட்டி போய் நாலு வருஷம்னு சொன்னாரே!" என்றான் அவன். "தனியா எப்படிக் காலம் தள்றார்னு இப்பத்தானே புரியுது!"

"சும்மா இருங்க" என்றாளே தவிர, அவள் நினைப்பும் அங்கேதான் போயிருந்தது.

இன்ஜினியருக்கு அந்த ஆராய்ச்சியில் அக்கறை இல்லை. நோட்டை எடுத்தார்.

"இது பாரம் தாங்கற சுவர். மேல ரெண்டு மாடி இது மேலதான் உக்காந்திருக்கு. இதைப் போய் உடைச்சிருக்காங்க! மேல உத்திரம்கூடக் குடுக்கலை. அனுமதி வாங்கியிருக்க வாய்ப்பே இல்லை. கதவு வச்சவனாவது ஒழுங்கா வச்சானா? தாழ்ப்பாளைப் பாருங்க, என் தொடைகிட்ட இருக்கு!"

அதையும் ஒரு குறையாக எழுதிக்கொண்டார்.

வீட்டை விற்பவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். முழங்கால் வலியோடு மூன்று மாடி ஏற முடியாமல் மகள் வீட்டோடு இருக்கப் போகிறார். கூடத்தில் எல்லாருக்கும் டீ கலந்துகொண்டிருந்தார்.

"அலமாரியைப் பார்த்துட்டோம், பெரியவரே!" என்றான் வாங்க வந்தவன்.

அவர் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார்.

"அந்தக் கதவை அடைச்சுக் குடுங்க. அப்புறம்தான் பத்திரப்பதிவு" என்றாள் மனைவி.

"வேற எது சொன்னாலும் செய்யறேம்மா. அதை மட்டும் அடைக்கச் சொல்லாதீங்க. அடைக்க மாட்டேன்னு சொல்றவங்களுக்குத்தான் வீட்டைக் குடுக்கறதா இருக்கேன்."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாட்டிக்கொண்ட பிறகும் இப்படி ஒரு துணிச்சலா?

"நீங்க காலி பண்ணின பிறகும் கதவு எதுக்கு? வந்து போகவா? வெட்கமா இல்லை உங்களுக்கு?"

பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அது அடுத்த வீட்டு விஷயம் தம்பி. நான் வாயைத் திறக்கக்கூடாது."

"நீங்க திறக்க வேண்டாம். நகராட்சிக்கு ஒரு கடிதம் போட்டா அவங்களே வந்து..." என்று இன்ஜினியர் ஆரம்பித்தார்.

படிக்கட்டில் தடதடவென்று காலடிச் சத்தம். பக்கத்து வீட்டுக் கதவு படாரென்று அறைபட்டது. ஓர் ஆணின் கத்தல். பாத்திரம் உருளும் சத்தம். பிறகு 'பளார்' என்று ஒன்று.

பெரியவர் ஒரு காலிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு விந்தி விந்தி வெளியே ஓடினார்.

"பேசிட்டிருக்கும்போதே எங்கே ஓடறார்?"

"பாருங்க, நழுவப் பார்க்கறார்!"

அதற்குள் படுக்கையறையில் ஏதோ சரசரத்தது. போய்ப் பார்த்தார்கள்.

தொங்கிய சட்டைகளை விலக்கிக்கொண்டு ஆறு வயசுப் பெண் குழந்தை ஒன்று வெளியே வந்தது. திரும்பிக் கதவைச் சாத்தியது. எக்கவும் இல்லை, குனியவும் இல்லை. கையை நீட்டித் தாழ்ப்பாளைப் போட்டது.

இவர்களைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்தது.

"சத்தம் போடாதீங்க. இப்ப தாத்தா எங்க வீட்டு பெல்லை அடிச்சு சர்க்கரை கேப்பார். அப்பா வாசலுக்குப் போவார். அம்மா இங்க வந்து மூணு தடவை தட்டுவாங்க. நான் திறக்கணும்."

மனைவி குழந்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"போலீஸ்ல சொல்லலையா கண்ணு?"

"தாத்தா சொன்னார். ரெண்டு தடவை வந்தாங்க. அப்பாகிட்ட பேசிட்டுப் போயிட்டாங்க. அப்புறம்தான், அப்பா வெளியூர் போயிருந்தப்ப, தாத்தா இந்தக் கதவு வச்சார். அம்மா துணி அலமாரியை அப்பா திறக்கவே மாட்டார். தாழ்ப்பாள் எனக்கு எட்டணும்னு என்னை நிக்க வச்சு அளந்தாங்க."

பக்கத்து வீட்டில் மணி அடித்தது. கத்தல் நின்றது.

"தம்பி, கொஞ்சம் சர்க்கரை கிடைக்குமா?" பெரியவரின் குரல் சாவகாசமாகக் கேட்டது. எவ்வளவு நேரம் பேச முடியுமோ அவ்வளவு நேரம் பேசினார். முழங்கால் வலி, தண்ணீர் வராத குழாய், மழை.

கதவில் டொக், டொக், டொக்.

குழந்தை திறந்தது. அந்த இளம்பெண் உள்ளே வந்தாள். உதடு கிழிந்திருந்தது. குழந்தையே மறுபடி தாழ்ப்பாளைப் போட்டது.

இன்ஜினியர் நோட்டைப் பிரித்து, கடைசியாக எழுதிய குறையை மட்டும் அடித்தார்.

"இரும்பு உத்திரம் குடுத்துச் சுவரைச் சரிபண்ணிடலாம். அனுமதிக்கு நானே எழுதித் தரேன்" என்றார், யாரும் கேட்காமலே.

கிண்ணம் நிறையச் சர்க்கரையோடு பெரியவர் திரும்பி வந்தார். டீ கலந்த மேஜையில் சர்க்கரை டப்பா ஏற்கெனவே நிறைந்துதான் இருந்தது.

வாங்க வந்தவனுக்கு அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. மனைவியைப் பார்த்தான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையசைத்தாள்.

"ஐயா, காலி பண்ணும்போது எல்லாத்தையும் எடுத்துட்டுப் போங்க" என்றான். "அந்தக் கிண்ணத்தை மட்டும் எங்களுக்கு விட்டுட்டுப் போங்க."