தானியக் குழி

மலைச்சரிவில் குளம்படிச் சத்தம் கேட்டதுமே குவோ ஷான் மனைவியைத் தானியக் குழிக்குள் இறக்கினான்.

"மூச்சுக் காட்டாதே யூலான். மங்கோலியக் கூட்டம் வருது. உன்னைக் கண்டா தூக்கிட்டுப் போயிடுவாங்க."

அவன் பலகையைப் போட்டு மூடி, மேலே வைக்கோலைப் பரப்பிவிட்டு, மண்வெட்டியோடு வாசலுக்கு வந்தான். கூட்டம் தள்ளியே நின்றது. ஒருவன் மட்டும் இறங்கி, வில்லைச் சேணத்தில் மாட்டிவிட்டு, குதிரையைப் பிடித்தபடி நடந்து வந்தான்.

"வீட்டுல பொம்பளைங்க இருக்காங்களா?" சீனமொழி அவன் வாயில் தடுமாறியது.

"யாரும் இல்லை. தினை வேணும்னா அள்ளிட்டுப் போங்க. ஆட்டைக்கூடப் பிடிச்சுக்கோங்க."

"உன் தினை யாருக்குய்யா வேணும்?"

"அப்புறம் எதுக்கு வந்தீங்க? நாங்க உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணினோம்?"

வந்தவன் ஓர் எட்டு முன்னால் வந்தான். "உங்க எல்லைப் படை எங்க கூடாரத்தையெல்லாம் கொளுத்துச்சு. எங்க அக்காவை இழுத்துட்டு வந்து, இந்தப் பக்கம் யாரோ ஒரு குடியானவனுக்குக் கட்டி வச்சுட்டாங்களாம். பேரு சரன்."

குவோ ஷான் நகர்ந்து வாசலை மறித்து நின்றான். "அப்படி யாரையும் எனக்குத் தெரியாது."

உள்ளே பலகை புரளும் சத்தம் கேட்டது. உடம்பெல்லாம் தினை ஒட்டியிருக்க அவள் வெளியே வந்து, குவோ ஷானுக்குப் புரியாத மொழியில் தம்பியைக் கூப்பிட்டாள். அந்த முரடன் குழந்தைபோல் விம்மினான்.

"போகாதே யூலான்! உன்னை ஒருநாளாவது அடிச்சிருக்கேனா?"

அவள் தம்பியின் குதிரைமேல் தாவி ஏறிக் கடிவாளத்தைப் பிடித்தாள்.

"அடிச்சதில்லை. ஆனா என் பேரு என்னன்னு ஒருநாளாவது கேட்டிருக்கீங்களா?"