ஒரு குச்சி மிச்சம்

தீப்பெட்டியை உள்ளங்கையில் கவிழ்த்தார் ராஜசிங். ஒரு குச்சி விழுந்தது.

"இது என்ன?"

"குச்சி சார்."

"உன் பெட்டியில மிச்சம் கிடந்த குச்சி. கிணத்துல இருபத்தஞ்சு தடவை போய்ட்டு வரணும். நீ வந்தது இருபத்திநாலு."

சினேகாவுக்கு ஓடி முடித்த மூச்சே இன்னும் அடங்கவில்லை.

"இல்ல சார், இருபத்தஞ்சும் முடிச்சேன். மனசுக்குள்ள எண்ணிக்கிட்டேதான் வந்தேன்."

"மனசு தப்பா எண்ணும். குச்சி எண்ணாது."

தாயில்பட்டிக்கு வெளியே ஐம்பதடி அகலக் கிணறு. அதில் நீச்சல், ஏறியதும் இருபது கிலோமீட்டர் சைக்கிள், இறங்கியதும் ஐந்து கிலோமீட்டர் ஓட்டம். இந்த டிரையத்லான் பந்தயம் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தே இரண்டு வருஷம்தான் ஆகிறது. நாலு பெண்களைப் பழக்கியிருந்தார் ராஜசிங். இன்றைக்கு முதலில் வரும் இரண்டு பேர் சென்னைப் போட்டிக்குப் போகலாம். அங்கே ஜெயித்தால் காலேஜ் சீட்டு.

ஆளுக்கு ஒரு தீப்பெட்டி, பெட்டிக்கு இருபத்தைந்து குச்சி. ஒரு தடவை போய்த் திரும்பினால் ஒரு குச்சியை எடுத்துக் கீழே போடுவார். அவர் பெட்டியைப் பார்ப்பதற்குள் சினேகா சைக்கிளில் ஏறிப் பறந்துவிட்டாள். கூப்பிட்டது காதில் விழவில்லை. இரண்டாவதாக வந்தும் சேர்ந்துவிட்டாள்.

மூன்றாவதாக வந்தவள் எழில். அவளுடைய அம்மா பொன்னுத்தங்கம் முந்தானையை உதறிக்கொண்டாள்.

"அதான பாத்தேன்! எம்மவ எப்படிப் பிந்துனான்னு."

"வேணும்னு செய்யல சார்," என்றாள் சினேகா. கண் கலங்கிவிட்டது.

"களவாணி எல்லாரும் இதைத்தான் சொல்லுவாங்க. இன்னைக்கு ஒரு சுத்தைத் திருடுனவ, நாளைக்கு எதைத்தான் திருட மாட்டா?" என்றார் ராஜசிங்.

கிணற்று மேட்டில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்டது. அவர் நோட்டில் ஸ்கேல் வைத்து அவள் பெயரை அடித்தார்.

சினேகா குனிந்தாள். அவர் வாங்கிக் கொடுத்த ஷூவைக் கழற்றி அவர் முன்னால் வைத்தாள். வெறுங்காலோடு சைக்கிளை உருட்டிக்கொண்டு போனாள்.

சாயந்தரம் ராஜசிங் வீட்டு வாசலில் அவளுடைய அப்பா சங்கிலிமுத்து வந்து நின்றார். தீபாவளி சீசன் என்பதால் வெடி கம்பெனியில் ஞாயிற்றுக்கிழமையும் வேலை. குளித்திருந்தும் காதோரம் வெள்ளி நிற வெடிமருந்து மினுங்கியது. வலது கையில் இரண்டு விரல் கிடையாது. மூன்று வருஷத்துக்கு முன்னால் நடந்த விபத்து.

ராஜசிங் நாற்காலியை விட்டு எழுந்தார். இவர் வேறு யாராகவாவது இருந்திருக்கக் கூடாதா?

இருவரும் ஒரு காலத்தில் சேர்ந்து ஓடியவர்கள். எழுபத்தொன்பதில் விருதுநகர் மைதானத்தில் பத்தாயிரம் மீட்டர் ஓட்டம். ராஜசிங் முதலில் வந்து நாடாவை அறுத்தார். இருபது மீட்டர் பின்னால் வந்த சங்கிலிமுத்து இரண்டாவது. அந்தச் சான்றிதழைக் காட்டித்தான் ராஜசிங்குக்கு சர்க்கார் உத்தியோகம் கிடைத்தது. அதன் பிறகு ஐம்பது வயது வரை அவர் ஓடாத நாள் இல்லை. ஆனால் அந்தக் கோப்பையை மட்டும் துணி சுற்றி பீரோ மேல் போட்டு வைத்திருந்தார். தன்னடக்கம் என்று ஊரில் சொல்லிக்கொண்டார்கள்.

"வாங்க சங்கிலி. உங்க பிள்ளைன்னு நான் விட்டுக்குடுக்க முடியுமா? கணக்குன்னா…"

"கணக்கு சரிதான் சார். கம்பெனிக்குப் போற வழியில நானும் கிணத்து மேட்டுல நின்னு எண்ணுனேன். இருபத்திநாலுதான்."

ராஜசிங் இதை எதிர்பார்க்கவில்லை.

"அங்கனயே சொல்லியிருக்கலாமே?"

"நீங்க எண்ணிக்கிட்டு இருக்கீக. பெத்தவன் குறுக்க பேசுனா நல்லாவா இருக்கும்? தண்ணிக்குள்ள மூச்சு முட்டுறப்ப ஒண்ணை விட்டிருப்பா. பேரை அடிச்சது நியாயம்னு அவகிட்டயும் சொல்லிட்டேன்."

"அப்ப…"

"ஷூவை எடுத்துட்டுப் போலாம்னு வந்தேன். அடுத்த வருசம் ஓடணுமில்ல?"

ராஜசிங்குக்கு அப்பாடா என்று இருந்தது. உள்ளே ஓடிப் போய் ஷூவைக் கொண்டுவந்தார். சங்கிலிமுத்து இருக்கிற விரல்களால் இரண்டு ஷூவின் கயிற்றையும் சேர்த்து முடிந்து தோளில் போட்டுக்கொண்டார். கேட் வரை போனவர் நின்றார்.

"ஒண்ணே ஒண்ணு சார்."

"சொல்லுங்க."

"எனக்கு ஓடுறப்பவும் எண்ணுற பழக்கம் உண்டு. விருதுநகர்லயும் எண்ணிக்கிட்டேதான் ஓடுனேன். நான் இருபத்தஞ்சு சுத்து. நீங்க இருபத்திநாலு."

கேட்டைச் சாத்தப் பின்னால் வந்த ராஜசிங் அங்கேயே நின்றுவிட்டார். ஒரு சுற்று குறைந்தது நாடாவை அறுத்த அந்த நொடியிலேயே அவருக்கும் தெரியும். தனக்கு மட்டும்தான் தெரியும் என்று இருபத்தேழு வருஷமாக நினைத்திருந்தார்.

"சங்கிலி… அன்னைக்கே நீங்க ஏன்…"

"உங்க அப்பா வெந்து போய் ஆஸ்பத்திரியில கிடந்தாக. உங்களுக்குக் கீழ மூணு தங்கச்சி. வேலை யாருக்கு அவசரம்னு எனக்குத் தெரியாதா? அதை விடுங்க."

ராஜசிங்கால் தலை நிமிர முடியவில்லை. சங்கிலிமுத்துவின் செருப்பு மட்டும்தான் கண்ணில் பட்டது.

"எம்மவளை வேணும்னா நாலு அடி அடிங்க சார். களவாணின்னு மட்டும் சொல்லிறாதீக. இத்தனை வருசத்துல உங்களை நான் ஒருத்தர்கிட்டயும் அப்படிச் சொன்னதில்ல."