தேர்வாளருக்கு இன்னொரு இட்லி

பன்னிரண்டாம் வகுப்புக்கு ஆங்கிலப் பேச்சுத் தேர்வு நடத்தும் இயந்திரம், காலையிலேயே பாளையங்கோட்டை வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டது. அதனுடன் இசக்கிப்ரியா ஆங்கிலத்தில் சரளமாகப் பேசிக் காட்ட வேண்டும். ஏற்கெனவே ஒருமுறை தோற்றவள். இம்முறையும் தோற்றால் கல்லூரியை மறந்துவிட வேண்டியதுதான்.

இயந்திரம் ஆங்கிலத்தில் வானிலையைப் பற்றி விசாரித்தது. அவள் ‘வெதர்... வெதர்...’ என்று அந்த ஒரே சொல்லையே திருப்பித் திருப்பிச் சொன்னாள்.

அதற்குள் அம்மா செண்பகம் தட்டில் இட்லியோடு வந்தாள்.

“நோ, தேங்க் யூ,” என்றது இயந்திரம்.

“எம்மா, அது வேண்டாங்குது. அதெல்லாம் சாப்பிடாது.”

“ஏட்டி, வீட்டுக்கு வந்தவங்க முதல்ல அப்படித்தான் சொல்லுவாவ. நாமதான் எடுத்து வைக்கணும்.”

ஒவ்வொரு ‘நோ, தேங்க் யூ’வுக்கும் ஓர் இட்லி விழுந்தது. தட்டு நிரம்பியதும் செண்பகம் ஒரு துண்டைச் சாம்பாரில் தோய்த்து, குரல் வரும் ஓட்டைக்குள் ஊட்டியே விட்டாள். குரல் கரகரத்தது. தேர்வாளர் ரிப்பேரானால் தேர்வே போச்சு!

இசக்கிப்ரியா இயந்திரத்தைப் பார்த்து அலறினாள், அதற்குப் புரியும் ஆங்கிலத்தில். இரண்டு கையாலும் தட்டை மூடு என்றாள். பெரிதாக ஓர் ஏப்பம் விடு என்றாள். அடுத்த தடவை வந்து கட்டாயம் சாப்பிடுவதாகச் சொல்லித் தப்பித்துக்கொள் என்று மூச்சுவிடாமல் பொரிந்து தள்ளினாள்.

இயந்திரம் அப்படியே செய்தது. செண்பகத்தின் கை நின்றது. இயந்திரத்தின் நெஞ்சில் மதிப்பெண் ஒளிர்ந்தது: நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு.

“எம்மா, பாஸ்!”

செண்பகம் எட்டிப் பார்த்தாள்.

“ரெண்டு மார்க்கு எங்கட்டி போச்சு? அரை வயித்தோட இருந்தா அது எப்படி முழுசாப் போடும்?” என்றபடி இட்லிச் சட்டியை மறுபடி திறந்தாள்.