ஏழாம் நம்பர் சாம்பிள்

எந்தக் கிருமி எந்த மருந்துக்கு அடங்கும் என்று சீக்கிரமாகச் சொல்லும் புதுக் கிட் ஒன்று சேலையூர் லேபுக்கு வந்திருந்தது. அதை வாங்கலாமா என்று முடிவு சொல்ல வேண்டியவள் லோகநாயகி. தப்பாகச் சொன்னால் நோயாளிக்குத் தப்பான மருந்து போகும்.

பாரபட்சம் வரக்கூடாதென்று, பெயரில்லாமல் நம்பர் மட்டும் ஒட்டிய சாம்பிள்களைக் கிட்டிலும், கிருமியை வளர்த்துப் பார்க்கும் வழக்கமான கண்ணாடித் தட்டிலும் சோதித்திருந்தாள். ஏழாம் நம்பர் மட்டும் இடித்தது.

"ஆம்பிசிலின் கேக்கும்னு கிட் சொல்லுது சார். ஆனா தட்டுல மருந்து வில்லையை ஒட்டியே கிருமி வளர்ந்திருக்கு, மருந்துக்கு அடங்கவே இல்ல."

கிட் விற்க வந்த சவுரிராஜ் சிரித்தார். "இன்னும் தட்டையே கட்டிக்கிட்டு அழுவுறீங்களே மேடம்! தப்பு உங்க தட்டுலதான். கண்ண மூடிக்கிட்டு ஆம்பிசிலின் குடுக்கச் சொல்லுங்க."

"ஜுரம் ஏறிடுச்சுன்னா?"

"ஏறவே ஏறாது. நான் கேரண்டி."

லோகநாயகி எந்த நம்பர் யாருடையது என்ற பட்டியலை எடுத்துப் பார்த்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்.

"அப்ப இன்னைக்கே ஆரம்பிச்சிடுங்க சார். போன தடவை வந்தப்போ, நீர்க்கடுப்பா இருக்குன்னு டெஸ்டுக்குக் குடுத்துட்டுப் போனீங்களே, அதுதான் ஏழாம் நம்பர்."

சவுரிராஜ் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மேடம்... உங்க தட்டுல எந்த மருந்துக்கு அடங்குது?"