கொல்லையில் கிடந்த கல்

கரையோர மயானங்களைக் கடல் கொண்டுபோன பிறகு, தூத்துக்குடியில் இறந்தவர்களைக் கடலடியில்தான் புதைத்தார்கள். பெட்டிக்குள் ஒரு கருங்கல் பலகை வைப்பது கட்டாயம். புயல் நாட்களில் பேரலைகள் அழுத்தி அழுத்தி எழும்போது அடிமணல் கூழாகக் குழைந்துவிடும். கனமில்லாத பெட்டி அதில் நிற்காமல் மேலே வந்துவிடும்.

கிஸ்பருக்கு அது தெரியும். ஆனாலும் பெற்ற அப்பனைப் பாவியைப் போலக் கல்லோடு கடலில் இறக்க மனம் கேட்கவில்லை. ஆணி அடிப்பதற்கு முன் கல்லை எடுத்துக் கொல்லையில் போட்டுவிட்டான். துவைக்கிற கல் என்று அம்மாவிடம் சொன்னான்.

நேற்றைய புயலில் ஒரே ஒரு பெட்டிதான் மிதந்து வந்து கரை ஒதுங்கியது.

ஊரே கடற்கரையில் கூடியிருந்தது. அம்மா செலஸ்டீனா மட்டும் கொல்லையில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டிருந்தாள்.

"கடைசியா ஒரு வாய் கருப்பட்டிக் காப்பி கேட்டாவல. சுகர் ஏறிரும்னு நாந்தான் குடுக்கல. அந்த ஏக்கத்துலதான் திரும்பி வந்துட்டாவ."

"அப்படியெல்லாம் இல்லம்மா. அலை தூக்கிட்டு வந்திருக்கு" என்றான் அவளைத் தேடி வந்த கிஸ்பர்.

"மத்த பெட்டியெல்லாம் அடியில கெடக்கு. அவியள மட்டும் எதுக்குல அலை தூக்கணும்?"

கல்லை எடுத்ததைச் சொன்னால் அவள் பாரம் இறங்கிவிடும். பிறகு அவன் முகத்தில் அவள் விழிக்கமாட்டாள்.

அம்மா, தான் உட்கார்ந்திருந்த அந்தக் கருங்கல்லில் கையூன்றி எழுந்து, கருப்பட்டிக் காப்பி போட உள்ளே போனாள்.